பாகு பதம்

நீங்கள் எப்படி எழுத்தாளரானீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதுவரை மூன்று விதமான பதில்கள் சொல்லி வந்திருக்கிறேன். கூட்டத்தில் கேட்டால், ஆண்டாள் பிறந்த ஊரில் பிறந்தவனுக்குத் தமிழ் தானாக வராதா என்பேன். பத்திரிகைக்காரர்கள் கேட்டால், படித்த புத்தகங்களின் பெயர்களை ஒப்பிப்பேன். வீடு தேடி வருகிற இளைஞர்கள் கேட்டால், வேறு வேலை எதுவும் எனக்குச் சரியாக வரவில்லை என்பேன். மூன்றிலும் இந்தக் கடைசிப் பதில்தான் ஓரளவு உண்மை. முழு உண்மை என்னவென்றால், என்னை எழுத்தாளனாக்கியது ஒரு பன்றி.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதாலும், அப்பா இருந்த வரைக்கும் அதைச் சொல்ல வாய் வராததாலும் இத்தனை காலம் எழுதாமலிருந்தேன். இப்போது எழுபத்து நாலு வயதாகிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அண்டை ஊர்கள். மதுரையிலிருந்து தென்காசி போகிற சாலையில் ஒன்றைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் மற்றது வந்துவிடும். இரண்டுக்கும் மேற்கே ஒரே மலைத் தொடர்தான். சாயங்காலம் ஆனால் ஒரே நிழல்தான் இரண்டு ஊரின் மேலும் விழும். ஆனால் நாக்கு வேறு. எங்கள் ஊர் இனிப்பு ஊர். அழகருக்கு நேர்ந்துகொள்ளும்போதுகூட வெண்ணெயும் அக்காரவடிசிலும் நூறு நூறாக நேர்ந்துகொண்டவள் எங்கள் நாச்சியார். அவளுடைய காலத்தில் அது நிறைவேறாமல் போய், பிற்பாடு ராமாநுஜர் வந்து நிறைவேற்றினார் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. ராஜபாளையமோ உறைப்பு ஊர். விஜயநகரத்தார் காலத்தில் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் தங்கள் தெலுங்கையும் கொண்டுவந்தார்கள், மிளகாய் தின்கிற தைரியத்தையும் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் விருந்து உண்டு திரும்புகிறவன் பேருந்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடியே ஊர் வந்து சேருவான்.

எங்கள் அப்பாவுக்குப் பால்கோவாத் தொழில். இந்தக் காலத்தில் அதற்குப் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்துவிட்டது, 2019-ல் கிடைத்தது. அப்போது அதற்கு ஒரு குறியீடுதான் உண்டு, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புளிய விறகு வண்டி. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சீனி. பாலும் சீனியும் தவிர வேறொன்றும் கிடையாது. இரும்பு வாணலியில் ஊற்றி அடுப்பேற்றியதிலிருந்து இறக்குகிற வரை துடுப்பு ஒரு கணம் நிற்கக் கூடாது. கடைசியில் இறங்குவது மூன்று, மூன்றரைக் கிலோ. அந்தக் 'கடைசி' எப்போது என்பதுதான் தொழில். அரை நிமிஷம் முந்தினால் குழைந்துபோகும், அரை நிமிஷம் பிந்தினால் மணல் மணலாகிவிடும். அப்பா கடிகாரத்தைப் பார்த்து இறக்கியதில்லை. துடுப்பு எடுக்கும்போது வாணலியின் அடி எவ்வளவு நேரம் தெரிகிறது என்று பார்ப்பார். பிறகு கொதிப்பின் ஓசையைக் கேட்பார். மூத்த மகனான எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே அந்தத் துடுப்பைப் பழக்கிக்கொண்டிருந்தார். பதினான்கு வயதில், தெருவில் என்னைப் 'பதக்காரப் பயல்' என்று கூப்பிடுகிற அளவுக்கு என் கை தேறியிருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் நடந்ததற்கு இது வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது. சாதியினால் என்று சொல்லிவிட முடியாது. சித்தப்பா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி கொதிக்கும். அப்பா மட்டும் விலக்கி வைத்திருந்தார். நான் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். இருக்கிறான் என்று சொல்ல வேண்டும், நல்லபடியாக இருக்கிறான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பழையபாளையத்தில் அவர்கள் வீடு. முன்கட்டில் திண்ணை, நடுவில் வானவெளி, பின்கட்டில் கிணறும் மாட்டுத்தொழுவும். வாசலில் பால் வெள்ளையாக இரண்டு நாய்கள். ராஜபாளையத்து நாயைப் பார்த்திருப்பீர்கள்; பார்க்காதவர்கள் 2005-ல் வந்த தபால் தலையிலாவது பார்த்திருக்கலாம். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். இந்தக் காலத்தில் பங்களா வாசலில் கட்டி அழகு பார்க்கிறார்கள். அந்த ஜாதியே காட்டுப்பன்றியை மடக்குவதற்காக வளர்க்கப்பட்டது. நண்பன் வீட்டு நாய்களில் ஒன்றின் விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு இருந்தது. பன்றிக் கொம்பு கிழித்ததைச் சாக்குத் தைக்கிற ஊசியால் நண்பனின் அப்பாவே தைத்தாராம்.

1966-ஆம் வருஷம் தைப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். அவர்களுடைய தோட்டம் மலையடிவாரத்தில். நிலக்கடலையைக் கிளறித் தின்ன இறங்கிய பன்றி ஒன்றை முந்தின இரவு நாய்கள் வளைத்துவிட்டன. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு நாள் இருந்ததால், 'ராத்திரி இங்கேயே தங்கிவிடு' என்றான் நண்பன். நான் வீட்டில் 'கணக்குப் பாடம் படிக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். என் வாழ்க்கையில் முதல் கற்பனைக் கதை அதுதான்.

பின்கட்டில் காய்ந்த பனையோலையைக் கொளுத்திப் பன்றியின் மேல் வாட்டிக்கொண்டிருந்தார்கள். மயிர் கருகும் நாற்றம் தெரு வரைக்கும் வந்தது. கருகியதைச் சுரண்டிக் கழுவி, மஞ்சளை அப்பி மறுபடி வாட்டியபோது அந்த நாற்றம் போய் வேறொரு மணம் வந்தது. அது என்ன மணம் என்று நான் இன்று வரை எந்த நாவலிலும் சரியாக எழுதியதில்லை. தோலும் கொழுப்புமாகச் சேர்த்து வார் எடுத்தார்கள், சதையைத் தனியாக அரிந்தார்கள். பங்கு பிரிந்து வீடு வீடாகப் போயிற்று. மிச்சம் இரண்டு வீசைக் கறி நண்பனின் பாட்டி முன்னால் வந்தது.

அந்த வீட்டில் எல்லோரும் அவளை அவ்வா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நெற்றியில் நாமம் இட்டிருப்பாள். ஆடிப்பூரத்துக்குத் தவறாமல் எங்கள் ஊர்த் தேருக்கு வருவாள். புரட்டாசியிலும் மார்கழியிலும் அந்த வீட்டு அடுப்பில் மீன்கூட ஏறாது. தை பிறந்தால் மட்டும் கதை வேறு.

வெறும் உறைப்பாக ஒரு வறுவல் செய்வதுதான் ஊர் வழக்கம். அவ்வா செய்தது ஊர் வழக்கமில்லை, அவளுடைய கை வழக்கம். பொங்கலுக்கு வாங்கிய மண்டை வெல்லத்தில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் என்றோ ஒரு தை மாதம் கறியில் போட்டுப் பார்த்தாளாம். அதிலிருந்து தை மாதக் கறி என்றால் வெல்லக்கறிதான். முப்பது வற்றல் மிளகாயை வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு பூண்டும் ஒரு பிடிச் சின்ன உள்ளியும் கொஞ்சம் மிளகும் சேர்த்து அம்மியில் வைத்து அரைக்கச் சொன்னாள். அதோடு கெட்டியான புளிக்கரைசல், மஞ்சள், கல்லுப்பு. கறியில் அதைப் பிசறவில்லை; ஒவ்வொரு துண்டாக எடுத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். மண்சட்டியில் அடுக்கி, தட்டால் மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்து, தையின் குளிர்ந்த இரவில் கிணற்றடியில் வைத்துவிட்டாள்.

"இப்பவே சமைச்சா என்ன அவ்வா?" என்று கேட்டேன்.

"உப்பு நடந்துதான் போகும் நாயனா. ஓடாது" என்றாள்.

பிற்பாடு சமையற்கலைப் புத்தகங்கள் சிலவற்றைப் படித்தபோது அவ்வா சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்துகொண்டேன். புளிப்பு இறைச்சியின் மேல் தோலைத்தான் தொடும். அதிக நேரம் விட்டால் மேற்புறத்தை மாவாக்கிவிடும். உப்பு மட்டுமே மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, வேகும்போது சாறு வெளியே ஓடாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் இரவெல்லாம் வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த விளக்கத்தில் அந்த 'நடந்துதான் போகும்' இல்லை.

விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். சொட்டு எண்ணெய் விடவில்லை, தண்ணீரும் விடவில்லை. வாரை முதலில் போட்டு, அதன் கொழுப்பு உருகியதும் சதையைப் போட்டுச் சிறு தீயில் வைத்தாள். ஒரு மணி நேரம் கறி தன் சாற்றிலேயே வெந்து, இன்னொரு மணி நேரம் தன் கொழுப்பிலேயே வறுபட்டது. பன்றியைப்போலத் தன்னைத்தானே சமைத்துக்கொள்ளும் இறைச்சி வேறு கிடையாது. பக்கத்து அடுப்பில் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு ஏற்றியிருந்தாள். வெல்லத்தை முதலிலேயே கறியில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்: கறி வேகுமுன் வெல்லம் தீய்ந்து கசந்துவிடும். அதனால் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்தான் பாகு.

அந்தக் கடைசியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவ்வாவுக்குக் கண்ணில் புரை. பாகைக் கரண்டியில் எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள், கம்பி தெரியவில்லை. மருமகள்மாரைக் கூப்பிட வாயெடுத்தவள், என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"நீ பால்கோவாக்காரர் மகன் இல்ல? வா நாயனா. எப்ப எறக்கணும்னு சொல்லு."

வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பையனிடம் ஒரு பெரிய மனுஷி, அவன் தொழிலைச் சொல்லி அழைக்கிறாள். அது பன்றிக்கறி அடுப்பு என்பதா அப்போது நினைவுக்கு வரும்? முழங்காலை மடித்து உட்கார்ந்தேன். ஒரு சொட்டைப் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒட்டியது, கம்பி நீளவில்லை. பிசுக்குப் பதம். இன்னும் கொஞ்சம் விட்டால் ஒற்றைக்கம்பி வந்துவிடும். ஆனால் இது போய் விழப்போவது கொதிக்கிற கொழுப்பில், அங்கே இன்னும் இறுகும், ஆறினால் கடலைமிட்டாய் ஆகிவிடும் என்று என் கைக்குத் தெரிந்தது. "இப்போ!" என்றேன். அவ்வா அப்படியே கவிழ்த்தாள். துடுப்பை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். நான் கிண்டினேன். அப்பா பழக்கிய அதே மணிக்கட்டு, அதே சுழற்சி, அதே பொறுமை. பத்து நிமிஷத்தில் சட்டியிலிருந்த ஒவ்வொரு துண்டும் அரக்குப் பூசினாற்போலப் பளபளத்தது.

உண்டேன். மூன்று தடவை வாங்கி உண்டேன். முதலில் வெல்லம் நாக்கில் படும். இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் மிளகாய் எழுந்து நிற்கும். அதைத் தணிக்கப் புளி வரும். கடைசியில் கொழுப்பு வந்து எல்லாவற்றையும் சமாதானம் செய்து வைக்கும்.

மத்தியானப் பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். வாணலி ஏறியிருந்தது. அப்பா துடுப்பை நீட்டினார், வழக்கம்போல. நான் கை நீட்டினேன். துடுப்பு பாதியில் நின்றது. அவர் தலை நிமிரவில்லை, மூக்கு மட்டும் நிமிர்ந்தது.

"எங்கே போயிருந்தே?"

கணக்குப் பாடம் என்றேன். அவர் துடுப்பைத் தம்பியிடம் கொடுத்தார். பத்து வயதுத் தம்பி, அதுவரை விறகு மட்டுமே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், திகைத்துப்போய் வாங்கிக்கொண்டான்.

அம்மாவிடம் அன்று இரவு ஒப்புக்கொண்டேன். அவள் அழுதாள். அவள் அழுததற்கு ஒரு நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் ஆண்டாள் என்றால் பூமிப் பிராட்டியின் அவதாரம். கடலுக்குள் கிடந்த அந்தப் பூமியைக் கொம்பில் ஏந்தி வந்த சாமி வராகம். "நம்ம நாச்சியாரைத் தூக்கிட்டு வந்த சாமியையாடா தின்னுட்டு வந்தே?" என்று கேட்டாள். நாமம் போட்ட அவ்வாவும் அதே நாச்சியாரைத்தானே கும்பிடுகிறாள் என்று எனக்குள் ஒரு பதில் எழுந்தது. வெளியே சொல்லும் துணிச்சல் இல்லை. இரண்டு நாளில் அம்மா சமாதானமாகிவிட்டாள். கோயிலுக்கு இட்டுப்போய் விழுந்து கும்பிடச் சொன்னாள், அதோடு தீர்ந்தது.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அடிக்கவில்லை. துடுப்பையும் திரும்பத் தரவில்லை. அடுத்த நாள் தரவில்லை, அடுத்த மாதம் தரவில்லை, அதற்குப் பிறகு என்றுமே தரவில்லை. என்னைக் கல்லாவில் உட்கார்த்தி வைத்தார். மத்தியானத்தில் யாரும் வராத கல்லாவில் ஒரு பையன் என்ன செய்வான்? பொட்டலம் கட்ட வந்த பழைய பத்திரிகைகளைப் படித்தான். பிறகு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். எழுத்தாளனானதற்கு நான் சொல்லும் நாலாவது பதில் இதுதான்.

இவ்வளவுக்கும் பன்றி என்ன, தமிழனுக்குப் புதிதா? பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பன்றி வருகிறது. கள் விற்பவர்கள் வீட்டில் அதைக் குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிப் பல நாள் கொழுக்க வைத்து, பாணனுக்குக் கள்ளோடு விருந்து வைக்கிறார்கள். இன்றைய வெண்பன்றிப் பண்ணைக்காரர் படித்தால் தன் தொழிலுக்கு இரண்டாயிரம் வருஷப் பழமை என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்வார். அந்தப் பாணனுக்குக் கிடைக்காதது மிளகாய் ஒன்றுதான். அது போர்த்துக்கீசியர் கப்பலில் பின்னால் வந்தது. அதே போர்த்துக்கீசியர்தான் திராட்சை ரசத்திலும் பூண்டிலும் இறைச்சியை ஊறப்போடும் வழக்கத்தைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே திராட்சை ரசத்துக்குப் பதிலாகப் பனையின் காடி சேர்ந்து, மிளகாய் சேர்ந்து, விந்தாலு ஆயிற்று. குடகர்கள் கச்சம்புளி என்ற கறுத்த புளிச்சாற்றை ஊற்றுகிறார்கள். புளிப்பு எல்லாரிடமும் இருக்கிறது. இனிப்பைத் துணிந்து மேலே பூசியவர்களை நான் பினாங்கில்தான் பார்த்தேன்.

ஓர் இலக்கிய விழாவுக்காகப் போயிருந்தேன். தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளிச் சீனர் கடையொன்றில் கண்ணாடிக்குப் பின்னால் கொக்கிகளில் பன்றி வார்கள் தொங்கின. அதே அரக்குச் சிவப்பு. அதே பளபளப்பு. 'சார் சியூ' என்றார்கள். கவைக்கோலில் குத்திச் சுட்டது என்று பொருளாம். சோயாவிலும் மசாலையிலும் ஊறவைத்த வாரைச் சுட்டு, கடைசியில் தேனையோ முளைதானியப் பாகையோ தூரிகையால் பூசி, மறுபடி தீயில் காட்டி, மறுபடி பூசுகிறார்கள். கடைக்காரர் பூசுவதை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். அவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விழாவில் என் உரை அன்று சுமாராகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லி முடிக்கவில்லை. 1988-ஆம் வருஷம் டிசம்பரில் எங்கள் மலையைச் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அரசாங்கம் அறிவித்தது. அப்பா அப்போது படுத்த படுக்கை. தினமும் பத்திரிகை வாசித்துக் காட்டுவது என் வேலை. அந்தச் செய்தியை வாசித்தேன்.

"அணிலுக்கா?" என்றார்.

"அணிலுக்குத்தான் பேரு. சரணாலயம்னா எதையும் சுடக் கூடாதுப்பா. மான், பன்னி எல்லாம்."

சிறிது நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பத்திரிகையை மடித்தேன்.

"அன்னிக்கு அந்த வெல்லத்தை என்ன பதத்திலே எறக்கினே?"

இருபத்திரண்டு வருஷம்! நான் எந்த வெல்லம் என்று கேட்டு நடிக்கவில்லை. "பிசுக்குப் பதம்ப்பா. கம்பிக்கு முந்தி."

"புளி இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"அப்பப் பூத்திருக்காது" என்றார். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சம்பழம் பிழிகிறார்களே, அதே சூட்சுமம். புளிப்புப் பட்ட பாகு மறுபடி சீனிக்கல்லாகப் பூக்காது. அன்றைக்கு என் விரல்களில் ஒட்டியிருந்ததை முகர்ந்தே, வெல்லம், புளி, பதம் வரைக்கும் மனிதர் கண்டுபிடித்து இருபத்திரண்டு வருஷம் மனத்துக்குள் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

தைரியம் வந்து கேட்டேன்: "தின்னதுக்காகவாப்பா துடுப்பைப் பிடுங்கினீங்க? இல்ல, பொய் சொன்னதுக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல. பால் ஒட்டுக் கேக்கும்டா" என்றார். "பக்கத்திலே எது இருந்தாலும் அது வாங்கிக்கும். கறி வாடை, மீன் வாடை, மண்ணெண்ணெய் வாடை, எல்லாத்தையும். அதுக்குத்தானே நான் கறியை விட்டேன். எனக்கு மட்டும் ஆசை இல்லைன்னு நெனச்சியா?"

அதை அவர் முன்னமே சொல்லியிருந்தால் நான் கையைக் கழுவிக்கொண்டு மறுநாளே வாணலி முன் உட்கார்ந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்கவில்லை. மார்கழி முடியுமுன் போய்விட்டார்.

வேட்டை அதற்குப் பிறகு முழுவதுமாக நின்றது. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தில் அனுமதிச் சீட்டு என்று ஒரு சந்து இருந்தது. 1991-ல் திருத்தம் செய்தபோது அதையும் அடைத்தார்கள். 2021-ல் எங்கள் மலையும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. நல்லதுதான், அணிலும் புலியும் பிழைக்கட்டும். பன்றியும் நன்றாகவே பிழைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது தோட்டக்காரர்கள்தான் தூங்காமல் தகரம் தட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அரசாங்கம் அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் மட்டும்தான். அதில் அவ்வாவின் சட்டிக்குப் பங்கு கிடையாது.

சில மாதங்களுக்கு முன் நண்பனிடமிருந்து தொலைபேசி வந்தது. "வெல்லக்கறி செய்யணும், வா" என்றான். எப்படியடா என்றால், பேத்தி பண்ணையிலிருந்து வெண்பன்றிக் கறி வாங்கி வந்திருக்கிறாள் என்றான். இங்கிலாந்து நாட்டு யார்க்ஷையர் ஜாதி. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் இதை வளர்ப்பதற்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். காட்டுப்பன்றியின் இழை இறுகியது, கொழுப்பு குறைவு. இது நேர்மாறு, மெத்தென்று இருக்கிறது. ஊறல் அரை நாளிலேயே போதும் என்று எனக்குப் பட்டது. நண்பன் கேட்கவில்லை. இரவு முழுக்க ஊறவேண்டும், கிணற்றடியில்தான் வைக்கவேண்டும் என்று அடம் பிடித்தான். கிணற்றை மூடி இருபது வருஷமாயிற்று என்று பேத்தி நினைவுபடுத்தியபிறகு குளிர்பெட்டியில் வைக்கச் சம்மதித்தான்.

காலையில் நான் போனபோது அந்தப் பெண் கறியில் ஒரு வெப்பமானியைக் குத்திக்கொண்டிருந்தாள். எழுபத்தொரு டிகிரி வரவேண்டுமாம், அப்போதுதான் நாடாப்புழு பயமில்லையாம். அவ்வா வெப்பமானி இல்லாமலே இரண்டு மணி நேரம் வேகவைத்தாளே என்றேன். "அதுவும் அதே கணக்குத்தான் தாத்தா" என்றாள். கெட்டிக்காரி. நான் பினாங்குக் கதையைச் சொன்னதும் ஒரு தூரிகையையும் எடுத்து வந்தாள். வேண்டாம், அவ்வா கவிழ்த்தாள், நாமும் கவிழ்ப்போம் என்றேன்.

பாகின் முன்னால் முழங்காலை மடித்து உட்கார முடியவில்லை, முக்காலி போட்டார்கள். நண்பன் எதிரே நாற்காலியில். அந்தத் தழும்பு நாயின் பெயரைப் பற்றி எங்களுக்குள் ஒரு சர்ச்சை வந்துவிட்டது. அவன் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, பேத்தி சிரிக்க, நான் திரும்பிப் பார்த்து ஒரு சொட்டை எடுத்து விரலைப் பிரித்தபோது நூல் நீண்டது. ஒற்றைக்கம்பி தாண்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்துக் கிண்டினேன். நிறம் வந்தது, மணம் வந்தது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

நண்பன் முதல் துண்டை வாயில் போட்டான். மென்றான். நிறுத்தினான். பாகு இறுகிப் பல்செட்டைப் பிடித்துக்கொண்டது. எழுந்து போய்ப் பல்லைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அடுத்த துண்டை எடுத்தான்.

"பதம் மீறிப்போச்சு, பால்கோவாக்காரரே" என்றான்.

அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டு அறுபது வருஷமாகிறது. இருவருமாகச் சேர்ந்து சட்டியைக் காலி செய்தோம். நான் கொண்டுபோயிருந்த பால்கோவாப் பொட்டலத்தை, தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிப் பேத்தி எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். கறியிலிருந்த வெல்லத்தை அவள் கணக்கில் சேர்த்தாளா என்பது தெரியவில்லை.

சாயங்காலம் பேருந்தில் ஊர் திரும்பினேன். கடையைத் தம்பி மகன்தான் இப்போது நடத்துகிறான். வாணலி ஏறியிருந்தது. கைபேசி மணி அடிக்க, அவன் என்னைப் பார்த்துத் துடுப்பை நீட்டினான்.

"பெரியப்பா, ஒரு நிமிஷம் இதைக் கிண்டுங்களேன்."

ராஜபாளையத்தில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். கையை மூக்கருகே கொண்டுபோனேன்.

"இன்னிக்கு வேண்டாம்டா. நாளைக்கு வரேன்" என்றேன்.